இறுகிய பனியில் முதல் நாள்

(ரொறன்ரோவில் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அரங்கொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தெற்கு ஒன்ராறியோவில் ஜனவரி மாதம் எப்படியிருக்கும் என்பதை இந்த அரங்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை மழை தூறும். வெப்பநிலை சுழியத்துக்கு மேலே 5 பாகை. புதன் இரவு காற்று வடக்கே திரும்பும்; விடியும்போது சுழியத்துக்குக் கீழே 15. வியாழன் காலை பாடசாலைப் பேருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொலிங்வூட் பக்கத்து ப்ளூ மவுண்டனுக்கோ மில்டனிலுள்ள கிளென் ஈடனுக்கோ புறப்படும். பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிப் படிவத்தில் மதியச் சாப்பாடு பற்றியும் தடித்த கையுறை பற்றியும் எழுதியிருக்கும். அந்த இரண்டு நாட்களில் சரிவின் மேற்பரப்புக்கு என்ன நடந்தது என்பது எதிலும் எழுதியிருக்காது.

ஸ்னோபோர்டிங்கில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் மலையின் உச்சியைக் காட்டுவார்கள். கறுப்பு வைரக் குறியிட்ட செங்குத்தான தடங்கள், தொலைக்காட்சியில் பார்க்கும் அந்தரத் தாவல்கள். பச்சை வட்டம் போட்ட பழகுசரிவைக் கண்டதும் மனம் ஆறிவிடும்: இவ்வளவு தாழ்ந்த இடத்தில் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது? ஐஸ் பிடித்த நாளில் இந்தக் கணக்குப் பிழைத்துப்போகிறது. விழுகிற இடம் எவ்வளவு இறுக்கம், விழுகிறவருக்கு விழத் தெரியுமா என்ற இரண்டும்தான் அன்றைய காயத்தைத் தீர்மானிக்கின்றன. இறுகிய தரையும் விழத் தெரியாத ஆளும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் பழகுசரிவு. ஆகவே முதல் நாளுக்குத்தான் அதிகப் பாதுகாப்பு வேண்டும் என்பதே இந்த உரையின் வாதம்.

முதலில் அந்த மேற்பரப்பைப் பார்ப்போம். புதிதாகக் கொட்டிய பனியில் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீற்றர் புதுப்பனி ஏறத்தாழ 50 முதல் 100 கிலோ எடைதான் இருக்கும்; அதே அளவு ஐஸ் 917 கிலோ. பனிக்குள் அடைபட்ட அந்தக் காற்றுத்தான், அது நசுங்கிக் கொடுக்கும்போது, விழுந்தவரைத் தாங்குகிறது. மழை பெய்யும்போது நீர் பனித்துகள்களின் இடைவெளிகளில் இறங்கி நிரம்புகிறது. பிறகு குளிர் வந்ததும் நீரும் துகளும் ஒரே பாளமாக இறுகிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும். காலை வைத்தால் கொங்கிறீட்.

உறைமழை இன்னும் மோசம். 2013 டிசெம்பரில், நத்தாருக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன், ரொறன்ரோவில் பெய்த உறைமழையை இங்கே பலர் மறந்திருக்க மாட்டார்கள். மரக்கிளைகள் கண்ணாடி பூசியதுபோல ஒளிர்ந்து, பின் எடை தாங்காமல் முறிந்து, நகரில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. கிளைகளில் படிந்த அதே பூச்சு பனிச்சரிவிலும் படிகிறது. அதன்மேல் ஒரு சென்ரிமீற்றர் புதுப்பனி தூவிவிட்டால் கண்ணுக்குத் தெரியாமலும் போகிறது. அனுபவசாலிகளே ஏமாறுவது அந்த மெல்லிய வெள்ளைப் போர்வையில்தான்.

மேற்பரப்பு இறுகுவதற்கு மூன்றாவது காரணம் மனிதர் செய்தது. 1950இல் அமெரிக்காவின் கனெற்றிக்கற்றில் வெய்ன் பியர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் அழுத்தக் காற்றையும் நீரையும் சேர்த்துப் பீச்சிப் பனி உண்டாக்கும் கருவியை அமைத்தார்கள். இன்று தெற்கு ஒன்ராறியோவின் சரிவுகள் குளிர்காலம் முழுக்கத் தாக்குப்பிடிப்பது இந்தத் தொழில்நுட்பத்தால்தான். ப்ளூ மவுண்டனின் அடிக்கும் முடிக்கும் உள்ள உயர வித்தியாசம் 220 மீற்றர். இயற்கைப் பனியை மட்டும் நம்பினால் அதன் பருவம் அரைகுறையாகிவிடும். ஆனால் இயந்திரப் பனிக்கு வானத்துப் பனியின் நட்சத்திரக் கிளைகள் கிடையாது. அது சிறு நீர்த்துளி உறைந்த உருண்டை. உருண்டைகள் நெருங்கி அமர்கின்றன, ஒன்றோடொன்று ஒட்டி விரைவாக இறுகுகின்றன. ஒரு கன மீற்றர் 400 கிலோ அளவுக்கு வந்துவிடும். இதன்மேல் நூற்றுக்கணக்கான பலகைகள் காலையிலிருந்து உரசிக்கொண்டு போகும்போது, தளர்வான மேல்பனி சுரண்டப்பட்டுத் தடத்தின் இரு ஓரங்களிலும் குவிகிறது. நடுப்பகுதி மழித்துவிட்ட மண்டைபோல் மின்னத் தொடங்குகிறது.

வழுக்குவது ஏன் என்ற கேள்வியும் பழையது. மைக்கேல் ஃபரடே 1850இல் லண்டனில் ஆற்றிய உரையில், இரண்டு ஐஸ் துண்டுகளைச் சேர்த்தால் ஒட்டிக்கொள்வதைக் காட்டி, ஐஸின் மேல் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்க வேண்டும் என்றார். 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுவிற்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் ஆய்வு நிலையத்தில் உராய்வை அளந்து, சறுக்கும் பொருளின் உரசல் சூடே பனியை உருக்கி வழுக்கலை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். சறுக்குபவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்: வேகம் கூடக்கூட ஐஸின் பிடி இன்னும் தளரும். நிறுத்தவேண்டிய இடத்துக்கு வந்த பிறகு நிறுத்த நினைத்தால் காலம் கடந்துவிட்டது.

இனி, தாழ்ந்த சரிவைப் பற்றிய வாதத்துக்கு வரலாம். 2009 மார்ச் 16ஆம் திகதி கியூபெக்கின் மொன்-திரம்பிளான் மலையில், புதியவர்களுக்கான சரிவில், நடிகை நத்தாஷா றிச்சர்ட்சன் ஸ்கீ பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வயது 45. ஹெல்மெற் அணிந்திருக்கவில்லை. விழுந்தார், எழுந்தார், சாதாரணமாகப் பேசினார். வந்த அம்புலன்ஸ் தேவையில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விடுதியறையில் தலைவலி தொடங்கியது. மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே குருதி கசிந்து சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாட்களில், நியூயோர்க் வைத்தியசாலையில், அவர் இறந்துபோனார். மரத்தில் மோதவில்லை, பாறையில் மோதவில்லை. உலகப் புகழ்பெற்ற மலையொன்றின் மிகப் பாதுகாப்பான மூலையில், நின்ற உயரத்திலிருந்து விழுந்தார், அவ்வளவுதான்.

அவர் ஓடியது ஸ்கீ. ஸ்னோபோர்டில் இதே விபத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பலகைக்கு இரண்டு விளிம்புகள்: கால்விரல் பக்கம் ஒன்று, குதிகால் பக்கம் ஒன்று. சரிவில் இருக்கும்போது மலைப்பக்க விளிம்பு பனியைக் கடித்திருக்க வேண்டும், பள்ளத்துப் பக்க விளிம்பு சற்றுத் தூக்கியிருக்க வேண்டும். பழகுகிறவர் களைத்தோ கவனம் சிதறியோ பலகையைத் தட்டையாக விட்டுவிட்டால், பள்ளத்துப் பக்க விளிம்பு திடீரென்று பனியில் மாட்டிக்கொள்ளும். பலகை நின்றுவிடும், உடல் நிற்காது. எச்சரிக்கைக்குக் கால் நொடிகூடக் கிடைக்காமல் ஆள் பலகையின் மேலாகத் தூக்கி அறையப்படுவார். குதிகால் விளிம்பு மாட்டினால் பின்மண்டை தரையில் மோதும். நல்ல பனியில் வலியோடு போகும் இந்த விழுகை, ஐஸில் வைத்தியசாலை வரை கொண்டுபோகும்.

யப்பானின் நாகானோ பகுதியில், 1998 ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிங் முதன்முதலாக இடம்பெற்ற அதே மலைநாட்டில், நரம்பியல் வைத்தியர்கள் தங்களிடம் வந்த தலைக்காயங்களை ஆராய்ந்தபோது இந்த வடிவம் மீண்டும் மீண்டும் தெரிந்தது: பழக்கம் குறைந்தவர், மிதமான அல்லது தாழ்ந்த சரிவு, பின்னோக்கிய விழுகை, பின்மண்டையில் அடி. உச்சியில் சாகசம் செய்தவர்கள் அந்தப் பட்டியலின் பெரும்பகுதி அல்ல.

ஹெல்மெற் இதற்கு எவ்வளவு உதவும்? 1.7 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். பனி விளையாட்டு ஹெல்மெற்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என் 1077 சோதனையில் ஹெல்மெற்றை 1.5 மீற்றர் உயரத்திலிருந்து இரும்புப் பீடத்தில் விழவிடுகிறார்கள். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.ரி.எம் எஃப் 2040இல் 2 மீற்றரிலிருந்து. அதாவது ஹெல்மெற் உருவாக்கப்படுவதே நின்ற உயரத்து விழுகைக்காக. மணிக்கு 50 கிலோமீற்றரில் மரத்தில் மோதினால் அது காப்பாற்றும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பழகுசரிவின் ஐஸில் பின்மண்டை அடிபடுவதற்கோ அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. நோர்வேயின் எட்டுப் பெரிய பனிச்சரிவுகளில் 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் திரட்டிய தரவுகளை வைத்து 2006இல் வெளியான ஆய்வு, ஹெல்மெற் அணிந்தவர்களிடையே தலைக்காய அபாயம் 60 சதவீதம் குறைந்திருந்ததாகக் கண்டது.

கெவின் பியர்ஸின் கதையையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. வெர்மொன்ற் மாநிலத்து இளைஞர், அமெரிக்க ஒலிம்பிக் அணியின் பெரும் நம்பிக்கை. 2009இன் கடைசி நாளில் யூற்றாவின் பார்க் சிற்றியில் ஹாஃப்பைப் பயிற்சியின்போது இறுகிய சுவரில் தலை மோத விழுந்தார். ஹெல்மெற் அணிந்திருந்தார்; உயிர் தப்பினார்; மூளைக்காயத்தோடு நடக்கவும் பேசவும் மறுபடி பழகினார். 2013இல் வெளியான ‘த கிராஷ் ரீல்’ ஆவணப்படம் அந்த மீட்சியைக் காட்டுகிறது. அதிலே அவர் குடும்பத்தார் சாப்பாட்டு மேசையில் அவரோடு நடத்தும் வாதங்களை ஒவ்வொரு தமிழ்த் தாயும் தகப்பனும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஹெல்மெற்றை ரூக் தொப்பிக்கு மேல் அணியக்கூடாது. அளவு கெட்டுவிடும், விழும்போது நழுவும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூட வேண்டும். தலையை ஆட்டினால் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். ஒரு பலத்த அடி வாங்கிய ஹெல்மெற் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதன் வேலையை முடித்துவிட்டது. அடுத்த நாள் வேறொன்று வேண்டும்.

தலையைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கேட்கிறார்கள். மணிக்கட்டைப் பற்றிப் பேசினால் கேட்பவர் குறைவு. ஆனால் ஸ்னோபோர்டர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். காரணம் பலகையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஸ்கீயின் பைண்டிங் விழும்போது கழன்றுகொள்ளும். ஸ்னோபோர்டின் பைண்டிங் கழலாது. இரண்டு கால்களும் ஒரே பலகையோடு சேர்ந்தே போவதால், ஸ்கீ ஓடுபவர்களை வாட்டும் முழங்கால் தசைநார்க் கிழிவு இங்கே குறைவு. அதற்கு விலையாக, தடுமாறினால் ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க வழியில்லை. விரித்த கை முதலில் தரைக்குப் போகிறது. உடலின் முழு எடையும் உள்ளங்கை வழியாக ஏறி, முன்கையின் ஆரை எலும்பை மணிக்கட்டுக்கு அருகே முறிக்கிறது.

இதற்கு மருந்து மலிவானது. நோர்வேயின் ஹாஃப்யெல் மலையில் 5,029 ஸ்னோபோர்டர்களைச் சமவாய்ப்பு முறையில் இரு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு மட்டும் மணிக்கட்டுக் காப்பு கொடுத்தார்கள். 2001இல் முடிவு வெளியானது: காப்பு அணிந்தவர்களில் 8 மணிக்கட்டுக் காயங்கள், அணியாதவர்களில் 29. மூன்றரை மடங்கு வித்தியாசம். விளையாட்டு மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அபூர்வம். இருந்தும் வாடகைக் கடைகளில் பலகையும் சப்பாத்தும் ஹெல்மெற்றும் ஒரே கட்டாகக் கிடைக்கின்றன, மணிக்கட்டுக் காப்பைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஸ்னோபோர்டிங்குக்கென்றே 2020இல் ஐ.எஸ்.ஓ 20320 என்ற தரம் வந்திருக்கிறது. வாங்கும்போது அந்த எண்ணைப் பார்க்கலாம். கையுறைக்கு உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்பதை வீட்டிலேயே போட்டுப் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும், பேருந்தில் அல்ல.

காப்பு இல்லாமல் விழுந்து கை வலித்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெருவிரலின் அடியில், கையை விரிக்கும்போது தெரியும் சிறு குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே படகு வடிவில் ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, முறிந்தால் பொருந்த மாதங்கள் ஆகும். முதல் நாள் எக்ஸ்றேயில் அந்த முறிவு தெரியாமலே போகலாம். ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு வீடு திரும்பிய பிள்ளைக்கு அந்த இடத்தில் வலி தொடர்ந்தால், பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் கடமை.

இனி பலகை. ஆரம்பகாலப் பலகைகளுக்கு இரும்பு விளிம்பே கிடையாது. 1965இல் மிச்சிகனின் மஸ்கீகனில் ஷேர்மன் பொப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீக்களை இணைத்துச் செய்த ‘ஸ்னர்ஃபர்’ புதுப்பனியில் மிதந்து போகும் விளையாட்டுப் பொருள். அதைப் பார்த்து வளர்ந்த ஜேக் பேர்ட்டன் 1977இல் வெர்மொன்றில் தன் பட்டறையைத் தொடங்கினார். வெர்மொன்றின் இறுகிய சரிவுகளில் மரப்பலகை பிடிக்கவில்லை. 1980களில் ஸ்கீயைப் போலவே இரும்பு விளிம்பு வந்த பிறகுதான் பலகை லிஃப்ற் உள்ள மலைகளுக்குள் நுழைய முடிந்தது. ஐஸில் ஆளுக்கும் மலைக்கும் இடையிலுள்ள ஒரே ஒப்பந்தம் அந்த இரண்டு மில்லிமீற்றர் அகல இரும்புக் கோடு.

அதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். பலகையை மடியில் பக்கவாட்டாக நிறுத்தி, பெருவிரல் நகத்தின் மேற்புறத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுக்க வேண்டும். கூரான விளிம்பு நகத்திலிருந்து வெள்ளைத் துகளாக மெல்லிய சீவலை எடுக்கும். மழுங்கியது வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை ஓரிடத்தில் மட்டும் செய்தால் போதாது. கல்லில் பட்ட இடங்களில் விளிம்பு பிசிறுவிட்டிருக்கும். பிசிறு, பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல் பிடிக்கக்கூடாத நேரத்தில் மாட்டும். இரண்டு பாதங்களுக்கும் கீழே உள்ள பகுதிதான் முக்கியம். கடைக்காரரிடம் ‘இதைத் தீட்டித்தர முடியுமா, இல்லை வேறொன்று தருகிறீர்களா’ என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாடகைப் பலகைகள் பல கைகள் மாறி வருகின்றன, அவற்றில் பல மழுங்கியே இருக்கும்.

சொந்தப் பலகை உள்ளவர்கள் விளிம்பின் கோணத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். செங்கோணம் 90 பாகை. ஐஸ் அதிகமுள்ள மலைகளில் ஓடுபவர்கள் பக்கச் சுவரை 2 பாகை உள்வாங்கி 88 ஆகக் கூராக்கிக்கொள்வதுண்டு. அடிப்பக்கத்தை ஒரு பாகை அளவு உயர்த்துவது, பலகை தட்டையாக இருக்கும்போது விளிம்பு மாட்டாமல் காக்கும். அரம் எல்லா நாளும் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் வைரக்கல்லால் நாலு இழுப்பு இழுத்துப் பிசிறை எடுத்தாலே போதும். ஈரப் பலகையைக் காரின் பின்பெட்டியில் போட்டு மறந்துவிட்டால் மறு கிழமை செம்மஞ்சள் துரு நிற்கும், கூரும் போயிருக்கும். ஒரு பழந்துணி இதைத் தவிர்க்கும். வாஷிங்ரன் மாநிலத்தின் மெர்வின் நிறுவனம் தன் லிப் ரெக், க்நூ பலகைகளில் விளிம்பை நேர்கோடாக விடாமல் அலைவடிவில் வெட்டுகிறது. பல புள்ளிகளில் அழுத்தம் குவிவதால் ஐஸில் பிடி கூடுகிறது. நல்ல யோசனைதான். ஆனாலும் மழுங்கிய அலையைவிடத் தீட்டிய நேர்கோடு மேல்.

சப்பாத்து இறுக்கமாக இருக்க வேண்டும். முழங்காலை முன்னே மடக்கும்போது குதிகால் மேலெழும்பினால், கால் கொடுக்கும் கட்டளை விளிம்பைப் போய்ச் சேராது. ஐஸில் இந்த ஒரு சென்ரிமீற்றர் தளர்வுக்கு மன்னிப்பில்லை.

ஐஸைக் கண்டதும் உடல் தானாகவே மலைப்பக்கம் சாயும், கால்கள் விறைக்கும். இரண்டும் பிழையான பக்கத்துக்கு இழுக்கின்றன. மலைப்பக்கம் சாய்ந்தால் உடலின் எடை விளிம்பின் மேலிருந்து விலகுகிறது, பலகை கீழே நழுவுகிறது, இடுப்பு ஐஸில் அறைகிறது. குதிகால் பக்கத் திருப்பத்தில் இது அதிகம். இடுப்பைப் பின்னே தள்ளிக் காலை நீட்டினால் பலகை கடகடவென்று துள்ளித் துள்ளி இறங்கும். அந்தத் துள்ளல் தொடங்கினால் முழங்காலை மடக்கி, நெஞ்சைப் பலகைக்கு மேல் கொண்டுவந்து, கால்விரல்களைச் சப்பாத்துக்குள் மேலே உயர்த்த வேண்டும். விளிம்பைச் சடாரென்று அழுத்துவதும் ஆகாது. ஐஸ் கொஞ்ச விசையைத்தான் தாங்கும். அதை மெல்ல மெல்லத்தான் கேட்க வேண்டும்.

சில மீற்றர் அகலமான ஐஸ் திட்டைக் கடக்கும்போது அதன்மேல் திரும்பவோ நிறுத்தவோ முயலவே கூடாது. வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டு, மலைப்பக்க விளிம்பை மிக இலேசாகத் தொட்டபடி, தோளையும் கையையும் அசைக்காமல் கடந்து, அப்பால் தெரியும் மங்கலான வெண்பனியில் திரும்ப வேண்டும். பார்வை ஐஸில் இருந்தால் பலகையும் அங்கேயே நிற்கும். பார்வை அடுத்த பிடியில் இருக்க வேண்டும். இப்படிப் போக முடியாதவர்களுக்கு ஒரு கௌரவமான வழி இருக்கிறது: ஒரே விளிம்பில் நின்றபடி இடமும் வலமுமாக நழுவி இறங்குவது. பயிற்றுநர்கள் முதல் நாளிலேயே கற்றுக்கொடுக்கும் இந்த இறக்கம் ஐஸில் மிகப் பெரிய வித்தை. இதை இரண்டு விளிம்பிலும் செய்யத் தெரிந்தவர் எந்த நாளிலும் வீடு திரும்புவார்.

ஐஸில் அழகாக ஓடவும் முடியும். ஒலிம்பிக் இணை மாபெரும் சிலாலம் போட்டியின் தடங்கள் வேண்டுமென்றே இறுக்கப்படுகின்றன. 2010இல் வான்கூவரில் தங்கம் வென்ற கியூபெக்கின் ஜேசி-ஜே அண்டர்சனும், 2018இல் பியோங்சாங்கில் ஸ்கீயிலும் ஸ்னோபோர்டிலும் ஒரே ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்த செக் நாட்டு எஸ்தர் லெடெற்ஸ்காவும் அப்படிப்பட்ட தரையில்தான் கோடு கிழித்தார்கள். ஆனால் அவர்கள் கால்களில் இருந்தவை விறைத்த வன்சப்பாத்துகள். கீழே நீண்ட, ஒடுங்கிய, வளையாத பலகைகள். வாடகைக் கடையின் மென்பலகையோடு அவர்களைப் பார்த்துப் படிக்கக் கூடாது.

எந்த நேரத்தில் போவது என்பது எப்படி ஓடுவது என்பதைவிட முக்கியம். இரவில் இயந்திரம் உழுது விட்ட வரிகள் காலை ஒன்பது மணிக்கு உறைந்து கல்லாக இருக்கும். வெயில் வரும் நாளில் பதினொரு மணிவரை காத்திருந்தால் தெற்கு நோக்கிய சரிவு முதலில் இளகும். வடக்கு நோக்கியது நாள் முழுக்க இறுகியே கிடக்கலாம். மூன்று மணிக்குப் பிறகு நிழல் விழ, இளகியது மறுபடி உறையும். கால்களும் அப்போதுதான் களைத்திருக்கும். ஒன்ராறியோவில் மலிவாகக் கிடைக்கும் இரவுச் சீட்டுகள் மாணவர்களை இழுக்கின்றன. இரவுதான் மேற்பரப்பு மிக இறுக்கமான நேரம் என்பதைத் தெரிந்தே வாங்க வேண்டும். மலையின் இணையதள அறிக்கையில் ‘ஹார்ட் பாக்’, ‘ஃப்ரோஸன் கிரானியூலர்’ என்று போட்டிருந்தால், முதல் நாள் மழையும் பெய்திருந்தால், பழகுபவரின் பயணத்தை வேறு நாளுக்குத் தள்ளிவிடலாம்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு காது உதவும். லிஃப்ற்றில் ஏறும்போது கீழே ஓடுபவர்களின் பலகைச் சத்தம் கேட்கும். மெல்லிய ‘ஸ்ஸ்’ என்றால் பனி. தகரத்தைச் சுரண்டுவதுபோன்ற ‘கறகற’ என்றால் ஐஸ். மங்கலான நாட்களில் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடி வில்லை சாம்பல் பளபளப்பைப் பிரித்துக் காட்டும். மென்பனி தடத்தின் ஓரங்களில் குவிந்திருக்கும் என்று முன்பு சொன்னோம். ஓரத்தில் மரங்களும் இருக்கும். ஆகவே ஓரம் தேடுபவர் மெதுவாகப் போகிறவராக இருக்க வேண்டும். முன்னே போகிறவருக்கே வழியுரிமை என்பது கனடாவின் எல்லா மலைகளிலும் உள்ள விதி. ஐஸில் நிறுத்தும் தூரம் நீள்வதால், வழமையான இடைவெளி போதாது.

விழத்தான் போகிறோம். ஆகவே விழப் பழக வேண்டும், சரிவின் அடிவாரத்தில், பலகை இல்லாமலே. முன்னே விழும்போது விரல்களை மடக்கி, முழங்காலும் முன்கையும் சேர்ந்து தரையைத் தொட வேண்டும். பின்னே விழும்போது உடலைத் தாழ்த்தி, நாடியை நெஞ்சோடு அழுத்தி, இருக்கையிலிருந்து முதுகுக்கு உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. செங்குத்தான ஐஸில் விழுந்தால் ஆபத்து விழுகையோடு முடியாது. நைலோன் உடுப்பு ஐஸில் நழுவிக்கொண்டே வேகமெடுக்கும். தாமதிக்காமல் உடலைச் சுழற்றி, பலகையைக் கீழ்ப்பக்கமாகவும் சரிவுக்குக் குறுக்காகவும் கொண்டுவந்து, மலைப்பக்க விளிம்பை மெல்ல அழுத்த வேண்டும். கீழே மரமோ கம்பமோ இருந்தால் தலை அதற்கு முதலில் போகாதிருப்பதே அப்போதைய இலக்கு.

அடிபட்டவரை மலையிலிருந்து இறக்கும் முறையும் ஒரு துயரத்திலிருந்து பிறந்தது. 1936இன் தொடக்கத்தில் வெர்மொன்றின் ஸ்ரோவில் சார்ல்ஸ் மினொற் டோல் என்ற காப்புறுதி முகவர் ஸ்கீ ஓடும்போது கணுக்கால் முறிந்து கிடந்தார். மீட்பவர்கள் என்று யாரும் இல்லை. நண்பர்கள் கூரைத் தகரம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, அதில் அவரைக் கிடத்தி இழுத்து இறக்கினார்கள். அவர்களில் ஒருவரான ஃபிராங்க் எட்சன் அதே ஆண்டு மார்ச்சில் ஒரு பந்தயத்தில் இறந்துபோனார். டோல் அந்த இழப்பை விட்டுவிடவில்லை. 1938இல் அமெரிக்க தேசிய ஸ்கீ பற்றோலைத் தொடங்கினார். கனடாவின் மலைகளிலும் இன்று கனேடியன் ஸ்கீ பற்றோலின் தொண்டர்கள் நிற்கிறார்கள். யாராவது விழுந்து கிடந்தால், அவருக்கு மேற்புறத்தில் ஒரு பலகையைப் பனியில் குத்தி நிறுத்தி, வருபவர்களை எச்சரித்துவிட்டு, பற்றோல் தொண்டர்களை அழைக்க வேண்டும். கழுத்து வலிக்கிறது என்பவரைத் தூக்கி நிறுத்தவே கூடாது.

கடைசியாக, தலையில் அடிபட்டும் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் பிள்ளையைப் பற்றி. 2013 மே மாதத்தில் ஒட்டாவாவைச் சேர்ந்த 17 வயது ரோவன் ஸ்ரிங்கர் றக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டார், அந்த அடி ஆற முன்பே, சில நாட்களில், மீண்டும் அடிபட்டார், பிழைக்கவில்லை. அவர் பெயரிலேயே ஒன்ராறியோ 2018இல் ரோவன் சட்டத்தை நிறைவேற்றியது. மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே விளையாட்டிலிருந்து விலக்கவும், படிப்படியாக மட்டுமே திரும்ப விடவும் பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் விதிமுறை வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பனிச்சரிவுப் பயணத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

அடிபட்ட பிள்ளையை அன்று மறுபடி லிஃப்ற்றில் ஏற்றக்கூடாது, தனியே விடவும் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, நித்திரையிலிருந்து எழுப்ப முடியாமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, வலிப்பு வந்தாலோ 911தான். வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று காத்திருக்க நேரமில்லை. இவை எதுவும் இல்லாவிட்டாலும் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு நடை, பிறகு இலேசான பயிற்சி என்று படியேற வேண்டும். மறுநாள் காலை தலைவலி இல்லை என்று பிள்ளை சொன்னாலும், பலகையைத் திரும்பக் கையில் கொடுப்பதற்கு முன் வைத்தியரின் எழுத்து வேண்டும்.